மௌனமாக உட்கார்ந்தால் சண்டை நின்றுவிடுமா?

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் மௌன வழிபாடு, சமாதானப் பணி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். ‘நண்பர்கள் சமயச் சங்கம்’ என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். ஒருவரையொருவர் ‘நண்பர்’ என்றே குறிப்பிடுவார்கள். நடுங்குகிறவர் என்று பொருள்படும் ‘குவேக்கர்’ அடுத்தவர்கள் வைத்த பட்டப்பெயர். 1650-ல் இங்கிலாந்தின் டார்பி நகரில் விசாரணைக்கு நின்ற, இந்தச் சங்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ், ‘ஆண்டவரின் வார்த்தைக்கு நடுங்குங்கள்’ என்று நீதிபதியைப் பார்த்தே சொன்னார். அதற்கு நீதிபதி சூட்டிய பெயர் அது. பெரும்பாலும் பிரிட்டனில் உள்ள வழக்கத்தை வைத்தே எழுதியிருக்கிறோம்.

*

கோவை வாசகர்: ஓட்ஸ் டப்பாவில் தொப்பி வைத்த பெரியவர் படம் இருக்கிறதே, அந்தக் கம்பெனி குவேக்கர்களுடையதா?

இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து மில் ஒன்று 1877-ல் அந்தப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டது. சமயத்துக்கும் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. குவேக்கர் என்றால் நாணயமானவர் என்று ஊரில் இருந்த பேச்சைத்தான் அந்த மில் பயன்படுத்திக்கொண்டது.

அந்தப் பேச்சு சும்மா வந்ததல்ல. முதலில் கூட்டிச் சொல்லிப் பிறகு குறைப்பதும் ஒரு பொய்தானே என்று 17-ம் நூற்றாண்டிலேயே குவேக்கர் கடைகளில் பேரத்தை நிறுத்தினார்கள். சின்னப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் பெரியவருக்குச் சொன்ன விலைதான். இங்கிலாந்து அரசின் அதிகாரபூர்வத் திருச்சபையான நாட்டுச் சபையைச் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டங்கள் கிடைக்காத காலம் என்பதால் பலரும் வியாபாரத்துக்குப் போனார்கள். காட்பரி, ரவுன்ட்ரீ, ஃப்ரை என்ற மூன்று சாக்லேட் குடும்பங்களும், பார்க்ளேஸ், லாய்ட்ஸ் வங்கிகளைத் தொடங்கிய குடும்பங்களும் குவேக்கர்களே.

*

நாகர்கோவில் வாசகி: எங்கள் சபையில் பாட்டு, வேத வாசிப்பு, பிரசங்கம், காணிக்கை என்று ஆராதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குவேக்கர்களுக்கு அது ஒன்றுமே கிடையாது என்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் என்னதான் நடக்கிறது?

ஒழுங்கு உண்டு, எழுதி வைத்ததில்லை. நாற்காலிகளையோ பெஞ்சுகளையோ வட்டமாக அல்லது சதுரமாக, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிகிற மாதிரி போட்டிருப்பார்கள். பீடம், சிலுவை, பிரசங்க மேடை எதுவும் இராது. நடுவில் சின்ன மேசை. அதன்மேல் கொஞ்சம் பூ, ஒரு வேதாகமம், சங்கத்தின் ஒழுங்குகளையும் முன்னோர் அனுபவங்களையும் தொகுத்த ஒரு புத்தகம். வாசலில் ஒருவர் நின்று கைகொடுத்து உள்ளே விடுவார். முதல் ஆள் வந்து உட்கார்ந்த அந்த நிமிடமே வழிபாடு தொடங்கிவிடுகிறது. மணி அடிப்பதில்லை, ஆரம்பிக்கலாம் என்று யாரும் சொல்வதுமில்லை. 10.30-க்குக் கூட்டம் என்றால் 10.25-க்கே அறை அடங்கியிருக்கும்.

முதல் கால் மணி நேரம் உடம்பு அடங்குவதற்கே போய்விடும். நாற்காலி கிரீச்சிடும், யாராவது இருமுவார்கள், வயிறு இரையும், அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்பு வரும். அதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வந்த நினைப்பைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது, மறுபடி கவனத்தைத் திருப்புவது, அவ்வளவுதான். சிலர் ஒரே ஒரு வசனத்தை மனதில் வைத்துக்கொள்வார்கள். சிலர் எதிரே இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவருக்காக உள்ளுக்குள் நிற்பார்கள். ‘ஒளியில் ஏந்துவது’ என்பது அவர்கள் சொல்லும் சொல். நோயாளிக்கு இன்னது நடக்கட்டும் என்று கேட்பதில்லை. அவரை அப்படியே கடவுளின் வெளிச்சத்தில் பிடித்திருப்பது.

பாதி நேரம் கடக்கும்போது அறை முழுவதும் சேர்ந்து ஆழத்துக்கு இறங்குவது போலிருக்கும். எல்லா ஞாயிறும் அது வாய்க்காது. வாய்த்த கூட்டத்தை ‘கூட்டிச் சேர்க்கப்பட்டது’ என்பார்கள்: நாமாகக் கூடவில்லை, நம்மை ஒருவர் கூட்டினார் என்ற பொருளில். பிள்ளைகள் முழு நேரமும் உட்கார வேண்டியதில்லை. தொடக்கத்திலோ முடிவிலோ 10, 15 நிமிடம் பெரியவர்களோடு இருப்பார்கள். ஒரு மணி நேரம் ஆனதும், முன்பே பேசி வைத்த இரண்டு மூப்பர்கள், அதாவது வழிபாட்டின் ஒழுங்கைக் கவனிக்கும் உறுப்பினர்கள், கை குலுக்குவார்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்பார்கள். வழிபாடு முடிந்தது. பிறகு அறிவிப்புகள், தேநீர்.

ஞானஸ்நானமும் திருவிருந்தும் இவர்களிடம் சடங்காக இல்லை. தண்ணீரும் அப்பமும் சுட்டிக்காட்டுவது உள்ளே நடக்க வேண்டிய ஒன்றை. அது எந்த நாளிலும், எந்தச் சாப்பாட்டிலும் நடக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். உலகத்துக் குவேக்கர்கள் எல்லோரும் இப்படி வழிபடுவதில்லை. அவர்கள் மிக அதிகமாக வாழும் நாடு கென்யா. 1902-ல் கைமோசியில் தொடங்கிய அமெரிக்க மிஷன் வழியாக வளர்ந்த அந்தச் சபைகளில் பாஸ்டர் உண்டு, பிரசங்கம் உண்டு, பாட்டுக்குக் குறைவே இல்லை.

*

திருச்சி வாசகர்: யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாமாமே? அப்படியானால் பேச்சுப் பிரியர்கள் விடுவார்களா?

அந்த ஆபத்து 350 வருடமாக இருக்கிறது. அதனால்தான் எழுவதற்கு முன் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது எனக்கு வந்ததா, எல்லோருக்குமா? எனக்கென்றால் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கா, இன்னொரு நாளா? தள்ளிவிட்டால் போய்விடுகிறதா, திரும்பத் திரும்ப வந்து முட்டுகிறதா? முட்டிக்கொண்டே இருந்து, நெஞ்சு படபடத்து, எழாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தால் எழலாம். இரண்டு மூன்று நிமிடம், எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இதைப் பேச்சு என்று சொல்வதில்லை, ‘ஊழியம்’ என்கிறார்கள். ஆண், பெண் வேறுபாடு தொடக்கத்திலிருந்தே இல்லை. பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று வேத ஆதாரத்தோடு தொடக்ககாலக் குவேக்கரான மார்கரெட் ஃபெல் 1666-ல் எழுதியபோது அவர் லங்காஸ்டர் சிறையில் இருந்தார்.

கெடுவது எங்கே என்று கேட்டால், முதலாவது காலைச் செய்தித்தாள். படித்த கோபம் ஆறாமல் வந்து அதையே கூட்டத்தில் கொட்டுவது. அடுத்தது, முன்னே பேசியவருக்குப் பதில் சொல்வது. ஒரு பதில் வந்தால் இன்னொன்று வரும், வழிபாடு பட்டிமன்றமாகிவிடும். வீட்டிலேயே தயார் செய்து வருவது, ஒருவரே வாராவாரம் எழுவது, ஒருவர் உட்காரும் முன் அடுத்தவர் எழுவது எல்லாம் இதே குடும்பம்தான். ஒருவர் சொன்னது உள்ளே இறங்கச் சில நிமிட இடைவெளி கட்டாயம் வேண்டும்.

வரம்பு மீறினால் மூப்பர் ஒருவர் எழுந்து, ‘நன்றி நண்பரே, நீங்கள் சொன்னதை மௌனத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்’ என்பார். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போவதில்லை. தேநீர் நேரத்தில் தனியே அழைத்துப் பேசுவதே வழக்கம். இதற்கு நேர் எதிரான கேடும் உண்டு, அது வெளியே தெரியாது. எழ வேண்டியவர் கூச்சத்தில் விழுங்கிவிடுவார். மாதக்கணக்கில் யாருமே எழாத கூட்டம் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும்.

*

சென்னை வாசகர்: பல வருடமாக விபாசனா தியானப் பயிற்சி செய்கிறேன். மௌனம் எல்லா இடத்திலும் ஒரே மௌனம்தானே?

உட்காரும் முறையில் ஒற்றுமை நிறைய. பல குவேக்கர்கள் மூச்சைக் கவனிப்பதும் உண்டு. வேறுபாடு, இது தனி ஆள் பயிற்சி இல்லை என்பது. இருபது பேர் சேர்ந்து ஒன்றைக் கேட்கக் காத்திருக்கிறார்கள். அது யார் வாய் வழியாகவும் வரலாம். கேட்டதற்குப் பிறகு எழுந்து போய்ச் செய்ய வேண்டிய வேலையும் இருக்கலாம். மன அமைதி கிடைத்தால் நல்லது. ஆனால் அதற்காகக் கூடுவதில்லை. மனதைக் கலக்கி அனுப்புகிற கூட்டமும் நல்ல கூட்டமே.

கூடுதல் என்பது இவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். 1664-ல் வந்த சட்டம், நாட்டுச் சபையின் முறைக்கு வெளியே, ஒரு வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து வழிபட்டால் குற்றம் என்றது. வேறு பலர் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகக் கூடினார்கள். குவேக்கர்கள் கதவைத் திறந்து வைத்துக் கூடினார்கள், சிறைக்குப் போனார்கள். 1682-ல் பிரிஸ்டல் நகரில் பெரியவர்கள் எல்லோரும் சிறையில் இருந்தபோது அவர்களுடைய பிள்ளைகளே வந்து கூட்டத்தை நடத்தினார்கள். அதிகாரிகள் பிரம்பால் அடித்தும் அவர்கள் கலையவில்லை.

தனிமையில் திணித்த மௌனம் என்ன செய்யும் என்பதையும் குவேக்கர்கள் தங்கள் தவற்றிலிருந்தே கற்றார்கள். கசையடி, தூக்குக்குப் பதிலாகக் கைதியைத் தனி அறையில் மௌனமாக வைத்தால் மனசாட்சி விழிக்கும் என்று ஃபிலடெல்ஃபியாவின் சீர்திருத்தக்காரர்கள் நம்பினார்கள். அவர்களில் பலர் குவேக்கர்கள். அந்த நம்பிக்கையில் 1829-ல் அங்கே திறந்த சிறையில், கைதி அறையை விட்டு வெளியே வரும்போது முகத்தை மூடித் துணி போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே முடியாது. திருந்தியவர்களை விடப் புத்தி பேதலித்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்பட்டது. 1913-ல் அந்த முறை கைவிடப்பட்டது. தனிமைச் சிறைக்கு எதிராக இன்று அமெரிக்காவில் போராடுகிறவர்களில் குவேக்கர் அமைப்புகளும் உண்டு.

*

மதுரை வாசகர்: எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒவ்வொரு ஓட்டெடுப்புக்குப் பிறகும் இரண்டு கட்சி உருவாகிறது. குவேக்கர்கள் ஓட்டே எடுப்பதில்லையாமே, முடிவு எப்படி எடுக்கிறார்கள்?

அவர்கள் நிர்வாகக் கூட்டமும் வழிபாடுதான், மௌனத்தில்தான் தொடங்கும். தலைவர் கிடையாது, கிளார்க் என்று ஒருவர் இருப்பார். அவர் விஷயத்தை எடுத்து வைப்பார். பேச விரும்புகிறவர் எழுந்து நிற்பார், கிளார்க் அழைத்ததும் பேசுவார். பேச்சு கிளார்க்கை நோக்கித்தான். எதிரே இருப்பவரை நோக்கி அல்ல. ஒரு விஷயத்துக்கு ஒருவர் ஒரு முறை பேசினால் போதும். நீங்கள் நினைத்ததை இன்னொருவர் சொல்லிவிட்டால் நீங்கள் எழவே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நடுவே சற்று மௌனம்.

எண்ணிப் பார்க்காமல், கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கிளார்க் கவனிப்பார். பிறகு அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், மினிட் என்கிற முடிவுக் குறிப்பை எழுதுவார். அவர் எழுதி முடிக்கும் வரை மற்றவர்கள் மௌனமாக அவருக்குத் துணையிருப்பார்கள். எழுதியதை வாசிப்பார், சொல் மாற்றம் இருந்தால் திருத்துவார். ‘இதை ஏற்கிறோமா?’ என்று கேட்டால், பிரிட்டனில் ‘அப்படியே ஆகட்டும்’ என்கிற மாதிரி இரண்டு சொல்லில் பதில் வரும். அதோடு முடிந்தது. வீட்டுக்குப் போய் எழுதி அடுத்த மாதம் ஒப்புதல் வாங்குகிற பேச்சே இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லையே என்ற தகராறும் அதனால் எழுவதில்லை. ஒத்த மனம் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையே மினிட்டில் எழுதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

உங்கள் சங்கத்தில் முயன்றால் எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அந்த விஷயத்தில் கிளார்க்குக்கே பலமான கருத்து இருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் அவர் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். உள்ளே வாய் திறக்காமல் வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் பேசுகிறவர் இருந்தால் முறையே கெட்டுவிடும். முடிவு உடன்பாடில்லை என்றாலும் குறுக்கே நிற்க மனமில்லாதவர், ‘நான் ஒதுங்கி நிற்கிறேன்’ என்று சொல்லலாம். முதல் முறை தண்ணீர்த் தொட்டி வாடகை போன்ற பெரிய விவகாரத்தில் இறங்காமல், மாடிப்படி விளக்கு மாதிரி ஒன்றில் பழகிப் பாருங்கள்.

*

சேலம் வாசகி: ஒத்த மனம் வரும் வரை காத்திருப்பது என்றால், அநீதியும் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

இந்த முறைக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் மிகக் கனமானது இதுதான். அமெரிக்கக் குவேக்கர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் வைத்திருந்தார். 1688-ல் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு, மனிதரை விற்பதும் வாங்குவதும் தகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். உள்ளூர்க் கூட்டம், நாங்கள் முடிவு செய்ய முடியாத அளவுக்கு இது பெரிய விஷயம் என்று மேலே அனுப்பியது. மேலே இருந்தவர்களும் அப்படியே. வருடாந்தரக் கூட்டம் கிடப்பில் போட்டது.

1738-ல் பர்லிங்டன் கூட்டத்துக்குப் பெஞ்சமின் லே என்ற குள்ள உருவத்தார் வந்தார். மேலங்கியைக் கழற்றியெறிந்தால் உள்ளே படைவீரர் உடை, இடுப்பில் வாள். கையில் வேதாகமம் போன்ற ஒரு தடித்த புத்தகம். உள்ளே குடைந்து, சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை ஒன்றை வைத்திருந்தார். அடிமையை வைத்திருப்பவர் ரத்தம் இப்படிச் சிந்தட்டும் என்று வாளால் குத்த, அடிமை வைத்திருந்தவர்கள்மேல் சாறு தெறித்தது. சங்கம் அவரைத் தங்களில் ஒருவரல்ல என்று விலக்கியது.

ஜான் உல்மன் என்ற இன்னொரு குவேக்கர் போன வழி வேறு. அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் தங்குவார், வீட்டாரோடு பேசுவார், தனக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குக் கூலியாக வெள்ளிக்காசு கொடுத்துவிட்டு வருவார். 1758-ல் ஃபிலடெல்ஃபியா வருடாந்தரக் கூட்டம், அடிமை வாங்கி விற்பவருக்கு நிர்வாகக் கூட்டத்தில் இடமில்லை என்றது. அந்தச் செய்தி காதில் விழுந்த பிறகே, மறு வருடம் பெஞ்சமின் லே இறந்தார். 1776-ல், அடிமையை விடுவிக்க மறுப்பவர் உறுப்பினரே அல்ல என்றார்கள்.

88 வருடம். அதில் எத்தனை பேர் அடிமையாகவே செத்திருப்பார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த முறையைப் புகழக்கூடாது. ஆனால் சேர்ந்து வந்த முடிவாதலால் பின்வாங்கவும் இல்லை. 1787-ல் லண்டனில் அடிமை வணிகத்துக்கு எதிராக அமைந்த குழுவின் 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். எங்கள் எண்ணம் இது: உல்மன் வேண்டும், லேயும் வேண்டும். லேயை வெளியே தள்ளாத கூட்டமாக இருந்திருந்தால் அந்த 88 குறைந்திருக்கும்.

*

யாழ்ப்பாண வாசகர்: போரைப் பார்த்தவர்களுக்கு ‘அமைதி’ என்ற சொல் லேசாகத் தெரிவதில்லை. ஹிட்லர் போன்ற ஒருவன் முன்னால் இவர்கள் என்ன செய்தார்கள்?

1660 குளிர்காலத்தில், எந்த நோக்கத்துக்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை என்று இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து அவர்கள் நிலை மாறவில்லை. ஆனால் ஆள் ஆளுக்கு மனசாட்சி. முதல் உலகப் போரில் படைக்குப் போகும் வயதிலிருந்த பிரிட்டிஷ் குவேக்கர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் ராணுவத்தில் சேர்ந்தார்கள். சிலர் ஆம்புலன்ஸ் படை அமைத்துப் போர்முனையில் காயம்பட்டவர்களைத் தூக்கினார்கள். அதுவும் போருக்கு உதவிதான் என்று மறுத்துச் சிறை போனவர்களும் உண்டு. 1916-ல் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு 35 பேருக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டது. பிறகு அது 10 வருடக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. அந்த 35 பேரில் குவேக்கர்களும் மற்றவர்களும் இருந்தார்கள்.

போர் முடிந்ததும் பட்டினி கிடந்த ஜெர்மனியில் அமெரிக்கக் குவேக்கர்கள் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். 1921-ல் உச்சத்தில் ஒரு நாளைக்கு 10 லட்சம் பிள்ளைகளுக்கு மேல். அந்தக் கஞ்சி பிற்பாடு ஒரு வாசலைத் திறந்தது. 1938 நவம்பரில் யூதர் வீடுகளும் கோயில்களும் எரிக்கப்பட்டபோது, பிரிட்டனில் இருந்த யூதத் தலைவர்கள் பெர்லினுக்குப் போவது ஆபத்து. அவர்களுக்குப் பதிலாகக் குவேக்கர் குழு போய் நிலைமையைப் பார்த்து வந்து சொன்னது. யூத அமைப்புகளும் குவேக்கர்களும் சேர்ந்து உள்துறை அமைச்சரைச் சந்தித்தார்கள். பெற்றோர் இல்லாமல் குழந்தைகள் மட்டும் பிரிட்டனுக்கு வர வழி பிறந்தது; சுமார் 10,000 பிள்ளைகள் தப்பினார்கள்.

அதே டிசம்பரில் ரூஃபஸ் ஜோன்ஸ் உட்பட மூன்று அமெரிக்கக் குவேக்கர்கள் பெர்லினில் ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் அலுவலகத்துக்கே போனார்கள். அதிகாரிகள் அவர்களது மனுவை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய் ஆலோசித்த நேரத்தில், மூவரும் தலைகுனிந்து மௌன வழிபாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நிவாரண வேலைக்கு வாய்மொழி அனுமதி கிடைத்தது. அதனால் ஹிட்லர் நின்றாரா என்றால் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். தலைப்பில் உள்ள கேள்விக்கு எங்களிடம் இருக்கும் நேர்மையான பதில் இந்த அளவுதான்: போர் நிற்கவில்லை, பெயரும் முகமும் உள்ள சிலர் பிழைத்தார்கள்.

1947-ல் நோபல் அமைதிப் பரிசு பிரிட்டிஷ், அமெரிக்கக் குவேக்கர்களின் இரண்டு சேவை அமைப்புகளுக்குக் கிடைத்தது. அமெரிக்கர்கள் சார்பில் ஆஸ்லோ போன ஹென்றி காட்பரியிடம் விழாவுக்குத் தேவையான கோட்டு இல்லை. அகதிகளுக்காகச் சேகரித்து வைத்திருந்த பழந்துணிக் கிடங்கிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

*

விழுப்புரம் ஆசிரியை: வகுப்பில் அடிதடி அதிகம். குவேக்கர்கள் சிறைகளில் நடத்தும் பயிற்சியில் பள்ளிக்கு உதவுவது ஏதாவது உண்டா?

நீங்கள் சொல்வது 1975-ல் நியூயார்க் மாநிலத்து கிரீன் ஹேவன் சிறையில் தொடங்கியது. இளைஞர்களை வன்முறையிலிருந்து திருப்ப வழி தேடிய கைதிகளே குவேக்கர்களை அழைத்தார்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது. கட்டாயப்படுத்தி யாரையும் சேர்ப்பதில்லை. அதில் பயன்படும் ஒரு விளையாட்டு உங்களுக்கு ஏற்றது.

ஐந்து பேர் ஒரு குழு. தடித்த அட்டையில் 6 அங்குலச் சதுரம் ஐந்து வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக்குங்கள். மொத்தம் 15 துண்டு. எல்லாச் சதுரத்தையும் ஒரே மாதிரி வெட்டாதீர்கள். ஆனால் சில துண்டுகள் ஒன்றுக்கொன்று ஒரே அளவில் இருக்க வேண்டும், அப்போதுதான் தவறான இடத்திலும் பொருந்தும். துண்டுகளைக் கலந்து ஐந்து உறையில் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். ஐந்து பேர் முன்னாலும் ஒவ்வொரு முழுச் சதுரம் வந்தால் ஆட்டம் முடிந்தது. பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது, அடுத்தவர் துண்டை எடுக்கக்கூடாது, கேட்கவும் கூடாது. கொடுக்கலாம், அது மட்டும்தான்.

என்ன நடக்கும் என்றால், ஒரு பையன் சீக்கிரமே ஒரு சதுரத்தை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவனிடம் இருக்கும் துண்டு இல்லாமல் மற்ற நால்வரும் முடிக்க முடியாது. அவன் தன்னுடையதைக் கலைத்துக் கொடுக்கிற வரை எல்லோரும் மாட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் குறுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆட்டம் வீணாவது அங்கேதான். 25 நிமிடம் கொடுத்துப் பாருங்கள். முடிந்ததும் அவனைக் குற்றம் சொல்லாமல், ‘துண்டு வந்து சேராதபோது எப்படி இருந்தது?’ என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். ஆட்டத்துக்குச் செலவான நேரத்தை விட இந்தப் பேச்சுக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

*

தஞ்சாவூர் வாசகர்: நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மறுப்பார்களாமே?

ஆமாம். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ சொல்லும்படி வேதம் சொல்கிறது; சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்று கேட்டார்கள். இதற்காகவே பல நூறு பேர் சிறை போனார்கள். 1696-ல் ஆங்கிலச் சட்டம் அவர்களுக்கு, சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி என்ற வழியைத் திறந்தது. கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று சொல்ல நம் அரசியல் சாசனமும் இடம் தருகிறது.

*

ஊட்டி வாசகி: தமிழ்நாட்டுக்கும் குவேக்கர்களுக்கும் தொடர்பு உண்டா?

ஒரு முக்கியமான தொடர்பு மார்ஜரி சைக்ஸ். யார்க்‌ஷயரில் 1905-ல் பிறந்து, 1928-ல் சென்னை பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார், தமிழ் கற்றார். இங்கே இருந்த காலத்தில்தான் குவேக்கரானார். பிறகு சாந்திநிகேதன், காந்தியின் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வி ஆசிரியர் பயிற்சி. பிற்பாடு உங்கள் பக்கத்துக் கோத்தகிரியில் வீடு வைத்து, காந்திய வழி அமைதிப் படையான சாந்தி சேனையின் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1960-களின் நடுவில் நாகாலாந்துப் போர்நிறுத்தத்தைக் கவனித்த குழுவிலும் இருந்தார். 1995-ல் காலமானார்.

இந்தியாவில் குவேக்கர் மிஷன் வேர் விட்டது மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பக்கம். அங்கே ரசூலியாவில் உள்ள அவர்களுடைய கிராம மையமும் கிஷோர் பாரதி அமைப்பும் சேர்ந்து 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில், பரிசோதனை செய்து பார்த்தே அறிவியல் கற்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அறிவியல் ஆசிரியர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

*

புதுச்சேரி வாசகி: நாங்கள் மூன்றே பேர். வீட்டில் முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. முதலில் 20 நிமிடம் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஆசைப்பட்டால் இரண்டாம் வாரமே விட்டுப்போகும். ஒரே உயரத்தில் மூன்று நாற்காலி, முகம் தெரிகிற மாதிரி. மின்விசிறிச் சத்தமும் தெருச் சத்தமும் இருக்கட்டும், போகப் போகக் காதில் விழாது. கைபேசிகளை வேறு அறையில் வையுங்கள். அதிர்வில் வைத்தாலும் மூன்று பேருக்கும் மனம் அங்கேதான் போகும். ஊதுபத்தி, பின்னணி இசை வேண்டாம். யாராவது பேசினால் பதில் சொல்லாதீர்கள், தலையாட்டவும் வேண்டாம். பேச்சே இல்லாமல் முடிந்தால் அதையும் குறையாக எண்ண வேண்டாம். முடிந்த பிறகு 10 நிமிடம் ஒதுக்கி, சொல்ல வேண்டும் என்று தோன்றியும் எழ முடியாமல் போனதை அப்போது சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடிகாரம் தெரிகிற இடத்தில் யார் உட்கார்வது, முடிவில் யார் கைகொடுப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஐந்து நிமிடமும் மூன்று பேரும் நேரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.